தமிழ்த் துணைநூற்பட்டியலில் ஆங்கிலச் சொற்கள்: ஸோட்டெரோவைத் திருத்துவது எப்படி?

கேள்வி: நாகமலை புதுக்கோட்டையில் தங்கி, தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதி வருகிறேன். துணைநூற்பட்டியலை ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் எடுக்கிறேன். தமிழ் நூல்களின் விவரங்களுக்கு நடுவே பதிப்பாசிரியருக்கு 'எட்.' என்றும் பக்கங்களுக்கு 'பிபி.' என்றும் ஆங்கில எழுத்தில் விழுகிறது. பதிப்பாசிரியருக்கான தமிழ்ச் சொல்லைச் சேர்த்துப் பார்த்தும் பலன் இல்லை. ஆண்டு அச்சிடாத பழைய புத்தகங்களில் அந்த இடம் மொட்டையாக நிற்கிறது. எல்லாவற்றையும் கையால் திருத்திவிடச் சொல்கிறார் நெறியாளர். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கையால் திருத்துவதைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடுங்கள். வேர்டில் நீங்கள் திருத்தியதெல்லாம், அடுத்த முறை பட்டியலைப் புதுப்பிக்கும்போது அழிந்துபோகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆய்வாளர்கள் பலர் சொல்லைத் தரவுக்குள்ளேயே எழுதிவிடுவது. பதிப்பாசிரியர் பெயர்க் கட்டத்தில் பெயரோடு சேர்த்து '(பதி.)' என்று தட்டுகிறார்கள். பட்டியல் அப்போதைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் கட்டுரைக்குள் வரும் மேற்கோளிலும் அந்த '(பதி.)' கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஒரே ஆளின் பெயர் ஒட்டோடு ஒன்று, ஒட்டில்லாமல் ஒன்று என்று இரண்டு பேராகிவிடும். நாளைக்கு இதே தரவை ஆங்கிலக் கட்டுரை ஒன்றுக்கு எடுத்தால் அங்கேயும் அது நிற்கும். தரவுக் கட்டத்தில் தகவல் மட்டும் இருக்க வேண்டும். 'பதி.', 'பக்.', 'ஆண்டு இல்லை' போன்ற சொற்களுக்கு இடம் ஸ்டைல் கோப்பு.

ஸோட்டெரோ பட்டியலை அமைப்பது சி.எஸ்.எல். என்ற வடிவமைப்பு மொழியைக் கொண்டு. அதில் நூல் எப்படி அடுக்கப்பட வேண்டும் என்பது ஸ்டைல் கோப்பில் இருக்கிறது. 'பதிப்பாசிரியர்', 'பக்கம்' போன்ற நிலைச்சொற்கள் பொதுவாக மொழிக்கோப்பில் இருக்கின்றன; ஸ்டைலுக்குள்ளும் எழுதலாம். ஒரு சொல் தேவைப்பட்டால் மென்பொருள் முதலில் ஸ்டைலுக்குள் அந்த மொழிக்கென்று சொல் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். அடுத்து, மொழி குறிப்பிடாமல் ஸ்டைலிலேயே எழுதிய சொல் உண்டா என்று பார்க்கும். பிறகுதான் அந்த மொழியின் கோப்பு. அங்கும் இல்லையென்றால் அமெரிக்க ஆங்கிலக் கோப்பு. நீங்கள் பார்க்கும் 'எட்.' அந்தக் கடைசிப் படியிலிருந்து வருவது. அதைக் கண்டு எரிச்சல் வேண்டாம். தேவையான சொல் எது என்பதை அது உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுபவர்கள் பட்டியலுக்குப் பயன்படுத்தும் பிப்லாடெக், சொல் கிடைக்காவிட்டால் அதன் குறிச்சொல்லையே தடித்த எழுத்தில் அச்சிட்டு எச்சரிக்கையும் கொடுக்கும். என் கணக்கில் அதுவே நல்ல பழக்கம். சத்தமில்லாமல் காலியாக விடும் மென்பொருள்தான் ஆபத்து. வாய்மொழித் தேர்வு நாளில்தான் யாராவது அதைக் கண்டுபிடிப்பார்கள்.

நீங்கள் சொல்லைச் சேர்த்தும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பல வடிவங்கள் உண்டு: முழு வடிவம், சுருக்க வடிவம், சில சொற்களுக்கு வினை வடிவம், அதன் சுருக்கம். சுருக்கம் எங்குமே கிடைக்காவிட்டால்தான் மென்பொருள் முழு வடிவத்தை எடுக்கும். 'எங்குமே' என்பதில் ஆங்கிலக் கோப்பும் அடக்கம். 'பதிப்பாசிரியர்' என்ற முழு வடிவத்தை மட்டும் கொடுத்திருப்பீர்கள். ஸ்டைல் கேட்பதோ சுருக்க வடிவம். அது ஆங்கிலத்தில் இருக்கிறது, எனவே 'எட்.' வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு சொல்லைத் தமிழாக்கினால் அதன் எல்லா வடிவங்களையும் கொடுங்கள். ஒருமை, பன்மையும் தனித்தனி: ஒரு பக்கத்துக்கு 'ப.', பல பக்கங்களுக்கு 'பக்.' என்று எழுதும் நம் வழக்கம் அப்படியே அதில் பொருந்தும்.

வேலையை இப்படித் தொடங்குங்கள். ஸோட்டெரோ அமைப்புகளில் மேற்கோள் பகுதிக்குள் ஸ்டைல் எடிட்டர் இருக்கிறது. பயன்படுத்தும் ஸ்டைலை அதில் திறந்து, முதலில் அதன் தலைப்பையும் அடையாளக் குறியையும் மாற்றி, புதுப் பெயரில் சேமியுங்கள். பழைய அடையாளத்திலேயே விட்டால், ஸோட்டெரோ தானாகப் புதுப்பிக்கும் அன்று உங்கள் உழைப்பு மேலெழுதப்பட்டுவிடும். அடுத்து, தொடக்கத்தில் உள்ள இன்ஃபோ பகுதி முடிந்த இடத்தில் லோகேல் என்ற, மொழிச் சொற்களுக்கான பகுதியைச் சேர்த்து, அதற்குள் சொற்களை வரிசையாக எழுதுங்கள். அதில் மொழியைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவது நல்லது. அப்போது ஆவணத்தில் எந்த மொழி தேர்வாகியிருந்தாலும் உங்கள் சொற்களே வரும். ஆனால் சில ஸ்டைல்களில் ஆங்கிலத்துக்கென்று ஒரு லோகேல் பகுதி ஏற்கெனவே இருக்கும். மொழி குறித்த பகுதிக்கே முன்னுரிமை என்பதால், உங்கள் நகலில் அதை நீக்கிவிடுங்கள்.

பதிப்பு எண்ணுக்குப் பின்வரும் ஒட்டு தனி வகை. ஆங்கிலத்தில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மூன்றுக்கும் வேறு வேறு ஒட்டு. அவற்றில் ஒன்றைத் தொட்டால் தொகுதி முழுவதையும் எழுத வேண்டும். தமிழுக்கு 'ஆம்' ஒன்றே போதும். '2ஆம் பதிப்பு' வந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓரிரு ஆங்கிலச் சொற்கள் அசையாமல் நின்றால், ஸ்டைலை எழுதியவர் அவற்றை நிலைச்சொல்லாக அழைக்காமல் நேரடி எழுத்தாகவே அடித்திருக்கிறார் என்று பொருள். மொழி மாறினாலும் அவை மாறாது. எடிட்டரில் தேடி மாற்றுவதுதான் வழி.

இனி, காலி இடங்கள். இது சொல் இல்லாத சிக்கல் அல்ல, தகவல் இல்லாத சிக்கல். மதுரைப் புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் வாங்கிய கதைப்பாடல் புத்தகங்கள் உங்கள் பட்டியலிலும் இருக்கலாம். அவ்வகைப் புத்தகங்களில் ஆண்டு இல்லாமல் போவது சகஜம். தேதிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். ஸ்டைலில் ஆண்டு அச்சாகும் இடத்தில், 'தேதி இருந்தால் தேதி, இல்லாவிட்டால் ஆண்டு இல்லை என்ற நிலைச்சொல்' என்று ஒரு நிபந்தனை போட வேண்டும். ஏ.பி.ஏ. போன்ற ஸ்டைல்களில் இது ஏற்கெனவே இருக்கிறது; அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

'நந்தன வருடம்' என்று மட்டும் போட்ட புத்தகம் வேறு கதை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1892 ஆகவும் இருக்கலாம், 1952 ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் அச்சகத்தின் பெயரையும் வைத்து எது என்று துணிய முடிந்தால் அந்த ஆண்டை, 1892 என்றால் 1892 என்று, தேதிக் கட்டத்தில் எழுதி, வருடப் பெயரை எக்ஸ்ட்ரா கட்டத்தில் குறித்துவையுங்கள். சித்திரையில் தொடங்கும் வருடம் என்பதால் தை, மாசியில் வந்த நூல் 1893 ஆகிவிடும், மாதத்தையும் பாருங்கள். துணிய முடியாவிட்டால் காலியாக விடுவதே நேர்மை. வருடப் பெயரைத் தேதிக் கட்டத்தில் எழுதினால் கால வரிசை குழம்பும்.

இதழ்களில் ஒரு முடிச்சு உண்டு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழைத் தொகுதி, பகுதி என்று குறிப்பது வழக்கம். பிற்கால இதழ்கள் பலவற்றுக்கு மலர், இதழ் என்று எழுதுகிறோம். நிலைச்சொல் ஒன்றுதான், இரண்டையும் அது தாங்காது. இதழ்களுக்குச் சொல்லே இல்லாமல் எண்ணை மட்டும் அச்சிடும்படி ஸ்டைலை வைத்துக்கொள்வது என் பரிந்துரை. உங்கள் துறை ஒப்பாவிட்டால், ஏதாவது ஒரு சொல்லை எல்லா இதழுக்கும் சீராகப் பயன்படுத்துங்கள்.

எண் இல்லாமல் 'பக்.' மட்டும் தொங்கினால், ஸ்டைல் கோப்பில் அந்தச் சொல்லும் எண்ணும் ஒரே குரூப்புக்குள், அதாவது சேர்த்துக் கட்டிய ஒரே பகுதிக்குள், இல்லை என்று பொருள். இரண்டையும் ஒரு குரூப்பில் அடைத்துவிட்டால், எண் இல்லாத நூலில் சொல்லும் தானாக மறையும். ஊர், பதிப்பகம், நடுவில் வரும் முக்காற்புள்ளி ஆகியவற்றுக்கும் இதே மருந்து.

சோதிக்கப் பட்டியலில் உள்ள எல்லா நூல்களும் வேண்டாம். ஆண்டு இல்லாதது, பதிப்பாசிரியர் இருவர் கொண்டது, ஒரே பக்கம் உள்ளது, இரண்டாம் பதிப்பு, ஊர் இல்லாதது என்று வகைக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, எடிட்டரின் முன்னோட்டத்தில் பாருங்கள். ஆங்கில நூல்களும் உங்களிடம் இருக்கும். ஒரு ஆவணத்துக்கு ஒரு மொழிச் சொற்கள்தான் வரும் என்பதால், ஆங்கில நூல்களின் பட்டியலை வேறொரு கோப்பில், திருத்தாத பழைய ஸ்டைலில் எடுத்துக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வேடுகளில் தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் என்று தனித் தலைப்பில் பிரித்துக் கொடுப்பதுதானே வழக்கம்.