பெரியவர்களுக்கு வாட்ச், சென்சார், பி.பி. மெஷின்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். விழுந்தால் தகவல் சொல்லும் ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பாதி நிம்மதி. விழும் வேகம், தரையில் மோதும் அதிர்வு, பிறகு அசையாமல் கிடப்பது, இவற்றை வைத்துத்தான் வாட்ச் கண்டுபிடிக்கிறது. நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம். இன்னொன்று, குளிக்கப் போகும்போது பலரும் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வழுக்கும் இடமே அதுதான்! தண்ணீர் தாங்கும் வாட்சாக வாங்கி, கட்டியபடியே குளிக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்தால், நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது கையில் வாட்ச் இருக்காது. அவர் உட்கார்ந்து டிவி பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போடட்டும். அப்புறம், அழைப்பு யாருக்குப் போகும்? தூரத்திலிருக்கும் உங்களுக்கு மட்டும் போனால் பயனில்லை. சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு பி.பி. பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. மெஷின் கோளாறா?

பதில்: பெரும்பாலும் பார்க்கும் விதம்தான் கோளாறு. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். பட்டை மேல்கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். கைக்குச் சின்னதாக இருக்கும் பட்டை பி.பி.யைக் கூட்டிக் காட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. இதுதான் கஷ்டம், பட்டை இறுகும்போதுதான் அம்மாக்களுக்குக் கதை ஞாபகம் வரும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் குறித்து வையுங்கள். சில நாள் சராசரி 135/85-ஐத் தாண்டினால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஊசி குத்தாமலே சர்க்கரை காட்டும் மோதிரம் விளம்பரத்தில் வருகிறதே?

பதில்: வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் கருவி வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருக்கும். அதுகூட ரத்தத்தில் அளப்பதில்லை, செல்களைச் சுற்றியிருக்கும் திசு நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கும். படபடப்பு, வியர்வை இருந்தும் எண் நார்மலாகத் தெரிந்தால், விரலில் குத்திப் பாருங்கள்.

கேள்வி: வாட்ச் இசிஜி நார்மல் என்றால் மாரடைப்பு இல்லைதானே?

பதில்: அப்படி நினைக்கவே கூடாது. ஒற்றை லீட் கொண்ட, அதாவது இதயத்தை ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கும் அது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய துடிப்பைக் கண்டுபிடிக்கத்தான். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் என்றால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், இதயம் போதிய அளவு ரத்தத்தை பம்ப் செய்யாத பிரச்சினை. எந்தக் கருவி முக்கியம்?

பதில்: எடை மெஷின். சிரிக்காதீர்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், தினமும் ஒரே மெஷினில் பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டி கேமரா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பதில்: பாட்டி சொல்வது சரி. படமே எடுக்காத அசைவு சென்சார் ஒன்றை வீட்டின் நடைவழியிலும், கதவு சென்சார் ஒன்றை ஃபிரிட்ஜிலும் வையுங்கள். வழக்கமாக 7 மணிக்குத் திறக்கும் ஃபிரிட்ஜ் 10 மணிவரை திறக்கவில்லை என்றால் ஒரு ஃபோன் போடலாம். யார் யாருக்கு இந்தத் தகவல் போகிறது என்பதையும் பாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.