தாத்தாவை முன்னால் விட்டு மியூசியத்துக்குள் போங்கள்

பாம்பனில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து நம் கரையில் வீட்டுக்கு வீடு ரயில் பேச்சுதான். இந்த முறை வந்த கடிதங்களிலும் ரயில்தான் அதிகம், அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி: அக்கா, என் அப்பா ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. பையனுக்கு 11 வயது, மகளுக்கு 6. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எல்லோரும் சேர்ந்து வெளியூர் போக முடியும். பிள்ளைகளுக்கு ரயில் மியூசியம் பார்க்க ஆசை. சென்னையில் இருப்பதுதான் பெரியது, போனால் அங்கே போ என்கிறார்கள். கையில் காசு குறைவாக இருக்கிற நேரம் வேறு. எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?

திருச்சிக்குப் போங்கள் தங்கச்சி. சென்னையில் ஐ.சி.எஃப். பக்கம் இருக்கிற மியூசியம் நல்ல மியூசியம்தான், இடமும் பெரியது, ஆனால் அது ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையைச் சேர்ந்தது, 1955-ல் ஐ.சி.எஃப். தொடங்கியதிலிருந்து வந்த கதைதான் அங்கே தூக்கலாக இருக்கும். உங்கள் அப்பா வேலை பார்த்த லைனின் கதை திருச்சியில் இருக்கிறது. பாம்பன் பாலத்தைக் கட்டிய காலத்தில் இந்த லைனை நடத்தியது தென்னிந்திய ரயில்வே, பழைய ஆட்கள் எஸ்.ஐ.ஆர். என்று சொல்வார்களே அதுதான், அதற்குத் தலைமையிடம் திருச்சி. நாகப்பட்டினத்தில் இருந்த எஞ்சின் பட்டறையை 1928-ல் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். 2014-ல் திறந்த திருச்சி மியூசியத்தில் பழைய கடிகாரமும் மணியும் டோக்கன் கருவியும் வரைபடமும் பார்த்தீர்கள் என்றால், அது யாரோ எங்கோ ஓட்டிய ரயிலின் சாமான் இல்லை, உங்கள் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்த ரயிலின் முன்னோர். பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே கூட்டிப்போங்கள்.

போகிற விதம். ராமேஸ்வரம் – திருச்சி எக்ஸ்பிரஸ் காலையில் திருச்சியில் கிளம்பி மதியம் ராமேஸ்வரம் வந்து பிற்பகலில் திரும்புகிற ரயில். மண்டபத்திலும் நிற்கும், ஆனால் நீங்கள் மண்டபத்தில் ஏறாதீர்கள். காலையிலேயே பஸ் பிடித்து ராமேஸ்வரம் போய் அங்கிருந்து ஏறுங்கள். மண்டபத்தில் ஏறினால் பாலத்தைத் தாண்டிய பிறகு ஏறுகிறீர்கள், ராமேஸ்வரத்தில் ஏறினால் பிள்ளைகள் பாலத்தின் மேலேயே வருவார்கள். பழைய பாலத்துக்கு அருகிலேயேதான் புதுப் பாலத்தைக் கட்டியிருக்கிறார்கள். பழைய தூக்குப்பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது, கப்பல் வந்தால் ஆட்கள் கையால் கம்பியைச் சுற்றிச் சுற்றித்தான் இரண்டு இறக்கையையும் இரண்டு பக்கமும் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டுக்குத்தாக மேலே போகிறது, மோட்டாரில். காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் அந்தக் காலத்தில் பழைய பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும், ஜன்னல் ஓரத்தில் அவரை உட்காரவைத்துப் பேசவிடுங்கள். பழைய பாலத்தை அகற்ற முடிவு செய்துவிட்டார்கள், அதனால் அதில் நிற்கிற மிச்சத்தையாவது பிள்ளைகள் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

செலவு என்று சொன்னீர்கள். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு, அப்பாவிடம் இந்த வருஷத்துக்கானது மிச்சமிருக்கிறதா, யாரையெல்லாம் சேர்க்கலாம் என்று முதலில் கேளுங்கள். 5 வயது முடிந்து 12 முடியாத பிள்ளைகளுக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் அரை டிக்கெட்தான், உங்கள் இருவருமே அதில் வந்துவிடுவார்கள். ஆனால் கோடை விடுமுறையில் முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பி முழங்கால் வலிக்காரரை ஏற்றாதீர்கள், அவருக்காவது ஒரு இருக்கை பதிவு செய்யுங்கள்.

ராத்திரி திருச்சி ஜங்ஷன் பக்கம் தங்கி, காலையில் மியூசியம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, அதை மறந்துவிடாதீர்கள். ஆட்டோக்காரரிடம் ரயில் கல்யாண மண்டபம் என்று சொன்னால் பக்கத்தில் கொண்டுபோய் விடுவார். தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை என்பதால் எந்த நாள் பார்த்தாலும் கொளுத்துகிற வெயில்தான், திருச்சி வெயில் நம் கடற்கரை வெயில் மாதிரி காற்றோடு வராது. வெளியே நிற்கிற எஞ்சினை முதலில் பாருங்கள், பதினொரு மணிக்கு மேல் அந்த இரும்புப் படியில் சின்னப் பிள்ளை கையை வைக்க முடியாது. வெயில் ஏறியதும் உள்ளே வந்துவிடலாம், அப்பாவும் உட்கார்ந்துகொள்ளலாம். சின்ன ரயில் இருக்கிறது, மகளை அதில் ஏற்றுங்கள், ஆனால் கடைசியில். முதலிலேயே ஏற்றினால் அப்புறம் எதையும் பார்க்க விடமாட்டாள்.

இனி முக்கியமான விஷயம். வீட்டில் வலை பின்னுகிற நூல் இருக்குமே, அதில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்று சரியாக ஒரு மீட்டர், இன்னொன்று 1 மீட்டர் 67.6 சென்டிமீட்டர். பையன் கையில் கொடுத்துவிடுங்கள். மியூசியத்தில் எஞ்சின் நிற்கிற தண்டவாளத்தின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வைத்துப் பார்க்கட்டும், ஒரு மீட்டர் நூல் பொருந்தினால் மீட்டர் கேஜ், பெரிய நூல் பொருந்தினால் பிராட் கேஜ் என்று அவனே கண்டுபிடிப்பான். அவன் தாத்தா நடந்த பாதை 2007-ல்தான் பிராட் கேஜ் ஆனது, அதற்கு முன் ராமேஸ்வரத்துக்கு வந்த ஒவ்வொரு ரயிலும் அந்தச் சின்ன நூல் அகலத்தில்தான் கடல் தாண்டியது. ஓடுகிற லைனில் மட்டும் இறங்கி அளக்க விடாதீர்கள்.

டோக்கன் கருவி முன்னால் அப்பாவை நிறுத்துங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடாமல் இருக்க, இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே வரும், ஒன்று வந்துவிட்டால் இரண்டு ஸ்டேஷன் கருவியும் பூட்டிக்கொள்ளும், அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது வரும். அந்த டோக்கனைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கட்டி, நிற்காமல் போகிற ரயிலுக்கு ஓரமாக நின்று ஒருவர் நீட்டுவார், எஞ்சினில் இருப்பவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். ஒரு வயது வந்த மனிதர் கையை நீட்டி அதைச் செய்துகாட்டினால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். அட்டை டிக்கெட், அதில் தேதி குத்துகிற இரும்புக் கருவி, கைகாட்டி மரம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். கைகாட்டி நேராக நீட்டியிருந்தால் நில், கீழே சாய்ந்திருந்தால் போ, அவ்வளவுதான், பையனைக் கையை நீட்டிக் கைகாட்டியாக நிற்கச் சொல்லி தங்கையை ரயிலாக ஓடவிடுங்கள்.

ஒன்று கவனித்திருக்கிறேன், மியூசியங்களில் ஸ்டேஷன் மாஸ்டரின் சாமான் இருக்கும், எஞ்சின் இருக்கும், துரைமார் படம் இருக்கும், கேங்மேன் இருக்கமாட்டார். வெயிலோ மழையோ கேங்மேன்களில் ஒருவரான கீமேன் தன் பொறுப்பில் உள்ள தூரத்தை முனையிலிருந்து முனைவரை நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற கீ ஆடிப்போயிருந்தால் அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே போனது எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் தெரியாது. கடல் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும், கோடையில் தண்டவாளம் நீளும் என்பதற்காக இணைப்பில் ஏன் இடைவெளி விட்டார்கள், பழைய ரயிலின் தடக் தடக் சத்தம் அந்த இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்கியதுதான் என்பதையெல்லாம் பிள்ளைகள் தாத்தாவிடமே கேட்கட்டும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

திரும்புவதற்கு ராத்திரி ரயில்கள் உண்டு, ஆனால் அவை திருச்சியைத் தாண்டுகிற நேரம் குடும்பத்துக்கு ஆகாது. புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகப் பஸ்ஸில் வரலாம், காலை மடக்கி உட்கார வேண்டும், அப்பாவுக்குச் சிரமம். நானாக இருந்தால் இன்னொரு ராத்திரி தங்கி, காலை ரயிலிலேயே வந்துவிடுவேன், அறை வாடகை கூடத்தான் செய்யும், அதை மதியச் சாப்பாட்டில் சுருக்கிக்கொள்ளலாம். சாயங்காலம் ஸ்ரீரங்கம் போய்வாருங்கள். மலைக்கோட்டைப் படி அப்பாவுக்கு வேண்டாம். ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது, கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்: சென்னையிலிருந்து வருகிற நம் ராமேஸ்வரம் ரயிலுக்கு ஏன் போட் மெயில் என்று பெயர், படகே இல்லையே என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

படகு இருந்தது என்று சொல்லுங்கள். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-லேயே தண்டவாளம் வந்துவிட்டது. 1914-ல் பாலம் வந்த பிறகு எழும்பூரில் ஏறியவர் நேராகத் தனுஷ்கோடி இறங்குதுறை வரை ரயிலில் வந்து, அங்கே கப்பலில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கிற ரயிலில் கொழும்பு போகலாம். ஒரே டிக்கெட். ரயில், கப்பல், மறுபடி ரயில். நம் பக்கத்து எத்தனையோ குடும்பங்களில் கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தா ஒருவர் இருப்பார், கீழக்கரையில் கேட்கவே வேண்டாம், அவரெல்லாம் இதில் போய்வந்தவர்தான். 1964 புயலில் தனுஷ்கோடி போன பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது, 1980-களில் இலங்கையில் சண்டை மூண்டதும் அதுவும் நின்றது. மகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து எழும்பூரிலிருந்து கொழும்பு வரை கோடு போடச் சொல்லுங்கள், கடலில் வருகிற இடத்தை வேறு நிறத்தில் போடட்டும். வீட்டில் பெரியவர்களின் பழைய பெட்டிகளையும் ஒரு தடவை கிளறிப் பாருங்கள், அந்தக் காலத்துப் பயணச் சீட்டோ பாஸ்போர்ட்டோ கிடைத்தால் அதைவிடப் பெரிய மியூசியம் வேண்டியதில்லை.

தொண்டியிலிருந்து ஒரு வாசகி: திருச்சிக்குப் பதிலாகத் தனுஷ்கோடி பழைய ஸ்டேஷனையே காட்டிவிட்டால் போதாதா? பிள்ளைகள் ஓடியாடவும் இடம் இருக்கிறதே?

காட்டுங்கள், கட்டாயம் காட்டுங்கள். ஆனால் ஓடியாட வேண்டாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கிய நேரத்தில் கடல் வந்து அப்படியே அடித்துக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், ஊரில் போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அந்த வீட்டு மனிதர்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். இடிந்த சுவரில் ஏறி நின்று படம் எடுக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது, பிள்ளைகள்மேல் கோபம் இல்லை, சொல்லிக்கொடுக்காத பெரியவர்கள்மேல்தான். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் வேறு, உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, ஏறினால் ஆபத்தும்தான். முதலில் நடந்ததைச் சொல்லுங்கள், பிறகு கூட்டிப்போங்கள். அந்தப் புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது, நடுவில் இருந்த தூக்குப்பாலம் மட்டும் தப்பியது, மற்றதை ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளர் 46 நாளில் நிமிர்த்தினார், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவர்தான், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதியத்துக்கு முன் திரும்பிவிடுங்கள், நிழல் கிடையாது, தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகர்: தாத்தா ரயில்வே பழைய சாமான் ஏலத்தில் எடுத்த கை விளக்கு ஒன்று பரணில் கிடக்கிறது, சிவப்பு, பச்சைக் கண்ணாடி இரண்டும் உடையாமல் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். மியூசியத்தில் வாங்குவார்களா?

இரும்புக் கடைக்கு மட்டும் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முதலில் ஈரமில்லாத மெல்லிய துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அடியிலோ மூடியிலோ எழுத்து பொறித்திருந்தால் அழிந்துவிடும். எஸ்.ஐ.ஆர். என்று எழுத்து இருந்தால் அது 1951-க்கு முந்தையது, அந்த வருஷம் ஏப்ரலில்தான் எஸ்.ஐ.ஆரும் இன்னும் இரண்டு ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. பிறகு ஒரு தாளில், தாத்தா எந்த ஊரில் எடுத்தார், எந்த வருஷம், யாரிடமிருந்து கேட்ட விவரம் இது என்று எழுதி விளக்கோடு கட்டிவையுங்கள். விவரம் இல்லாத விளக்கு வெறும் தகரம்தான், யார் கையில் இருந்தது என்று தெரிந்தால்தான் மியூசியத்துக்கு மதிப்பு. ஏலச் சீட்டு இருந்தால் அதையும் சேர்த்துவையுங்கள். நாலு பக்கமும் படம் எடுத்து, அந்தத் தாளின் நகலோடு திருச்சி மியூசியத்துக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டால் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள், எடுக்காவிட்டால் பரணில் மறுபடி போடாமல் வீட்டு முன்னறையில் பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டுங்கள்.