4096 வரும் இடமெல்லாம் ஒரே பெயரா?

கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்காகத் தாம் எழுதிய சிறு கோப்பு முறைமை மாட்யூலில் வெற்று எண்கள் மலிந்திருப்பதால் அவற்றைப் பெயருள்ள மாறிலிகளாக மாற்றும்படி வழிகாட்டி ஆசிரியர் சொன்னதாகவும், 4096 வரும் இடங்களையெல்லாம் எடிட்டரில் ஒரே வீச்சில் 'பேஜ்_சைஸ்' (நினைவகப் பக்க அளவு) என்று மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அப்படி மாற்றக் கூடாது. தமிழக-கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இப்பக்கம் உள்ள 12ஆம் எண் வீடும் அப்பக்கம் உள்ள 12ஆம் எண் வீடும் ஒரே வீடாகிவிடாதே! உங்கள் நிரலில் 4096 என்பது நினைவகப் பக்கத்தின் அளவாக இருக்கலாம். வட்டில் நீங்கள் வகுத்த பிளாக்கின், அதாவது சேமிப்புத் துண்டின், அளவாக இருக்கலாம். கோப்புப் பாதையின் உச்ச நீளமான 'பாத்_மேக்ஸ்' ஆகவும் இருக்கலாம். 64 பிட் ஆர்ம் கணினியில் கர்னலை 16384 அல்லது 65536 பைட் பக்கங்களோடும் கட்டமைக்க முடியும் என்பதால், பிளாக் அளவுக்குப் பக்க அளவின் பெயரைச் சூட்டினால், இங்கே எழுதிய வட்டை அங்கே படிக்க முடியாமல் போகும். எனவே ஒவ்வோர் இடத்திலும் அந்த எண் எதற்காக நிற்கிறது என்று பார்த்து, மதிப்பைக் கொண்டல்லாமல் பயனைக் கொண்டு பெயரிடுங்கள்.

512க்கும் இதே கவனம் தேவை. வட்டின் உண்மையான செக்டர் (வட்டு படிக்கும், எழுதும் மிகச் சிறு அலகு) 4096 பைட்டாக இருந்தாலும் கர்னல் செக்டர்களை எப்போதும் 512 பைட் அலகிலேயே எண்ணுகிறது. அதற்கு 'செக்டர்_சைஸ்' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 9 பிட் வலப்பக்கம் நகர்த்தும், அதாவது 512ஆல் வகுக்கும், வரிகளிலும் இதே 512தான் மறைந்திருக்கிறது. எடிட்டரில் 512 என்று தேடினால் அவை அகப்படா. கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம் என்று குறிக்கும் 0644 போன்ற அனுமதி எண்களை அப்படியே விடுங்கள். நிரலின் நடையைச் சரிபார்க்கும் கர்னலின் 'செக்பேட்ச்' கருவியே அங்கு பெயரைவிட எண்ணைத்தான் பரிந்துரைக்கிறது.

மாற்றங்களை மாறிலிக்கு ஒரு கமிட்டாக, அதாவது தனிப் பதிவாகச் செய்து, முன்னும் பின்னும் கம்பைல் செய்த கோப்புகளை 'ஆப்ஜ்டம்ப்' என்ற கருவி வழியே பிரித்து, இயந்திர ஆணைகளை ஒப்பிடுங்கள். 'வார்ன்_ஆன்' போன்ற எச்சரிக்கைக் கட்டளைகள் தாம் நிற்கும் வரி எண்ணையும் பதிந்துவைப்பதால் முழுக் கோப்பை ஒப்பிடுவது பயன் தராது. ஆணைகளே மாறியிருந்தால், முதலில் ஒப்பீட்டு வரிகளைப் பாருங்கள்: வெறும் 4096 குறியுள்ள (எதிர்ம மதிப்பையும் ஏற்கும்) முழு எண், 'பேஜ்_சைஸ்' குறியற்ற நீள எண். பிழைக் குறியீடாக எதிர்ம எண்ணைத் தாங்கிவரும் மாறியை அதனோடு ஒப்பிட்டால், அந்த எதிர்ம எண் மிகப் பெரிய நேர்ம எண்ணாகக் கொள்ளப்பட்டு, நிபந்தனை தலைகீழாகிவிடும்.