கவிதை புத்தகத்தில், பாட்டு தெருவில்

கே: ஹங்கேரியின் 'கலாகா' குழுவை நாட்டுப்புற இசைக்குழு என்கிறார்கள். பாடுவதோ பெயர்பெற்ற கவிஞர்களின் கவிதைகள். அப்புறம் எப்படி அது நாட்டுப்புறம்?
- ஒரு வாசகி, மன்னார்குடி

ப: நியாயமான சந்தேகம்தான். வார்த்தை அச்சுப் புத்தகத்திலிருந்து வருகிறது, இசையின் வாசம் கிராமத்திலிருந்து. 1969-இல் புடாபெஸ்டில் நாலு இளைஞர்கள் ஆரம்பித்த குழு இது. அந்த ஊர்க் கிராமங்களில் ஒருவர் வீடு கட்டினால் அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் வந்து கைகொடுப்பார்கள், அதற்குப் பெயர்தான் கலாகா. கவிஞர் கல் கொடுக்கிறார், இவர்கள் சுவர் எழுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். புல்லாங்குழல், மேசைமேல் கிடத்தி மீட்டும் சிதேரா, கூடவே கிதார், செல்லோ. ஆனால் பழைய மெட்டு ஒன்றைப் பிடித்துக் கவிதையை அதற்குள் திணிப்பதில்லை. கவிதையின் நடை எப்படியோ அப்படித்தான் மெட்டு.

அந்த நடை ஏற்கெனவே மொழிக்குள் இருக்கிறது. ஹங்கேரியனிலும் குறில் நெடில் உண்டு, அழுத்தம் எப்போதும் முதல் அசையில். வொரொஷ் ஷாண்டோர் (அங்கே குடும்பப் பெயர்தான் முன்னால்) எழுதிய ஒரு குட்டிக் கவிதையில், இலையுதிர்கால இரவில் ஒரு முட்செடி கனல்கிறது. முதல் வரி 'ஓஸி ஏயெல்' என்று நெடிலில் நின்று நின்று போகும். அடுத்து வரும் செடியின் பெயர் 'கலகொஞ', நாலும் குறில், வாயில் வைத்ததும் குடுகுடுவென்று ஓடுகிறது! இதற்குத் தாளம் தனியாகத் தேட வேண்டுமா என்ன? இதை மெட்டோடு பாடிப் பிரபலமாக்கியது கலாகா இல்லை, அதே காலத்து செபோ குழு. இரண்டு குழுவுக்கும் வழி ஒன்றுதான்.

கே: மொழி தெரியாமல் கேட்டால் ஒட்டுமா?
- அதே வாசகி

ப: ஒட்டும், குழந்தைப் பாட்டிலிருந்து ஆரம்பித்தால். கலாகா குழந்தைகளுக்கென்றே நிறையப் பாடியிருக்கிறது. பெரியவர்களுக்கானதைக் கேட்கும் முன் கவிதையை மொழிபெயர்ப்பில் ஒரு தடவை படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி போய்விடும். வறுமையிலேயே வளர்ந்து 32 வயதில் போய்ச் சேர்ந்த யோஜெஃப் அட்டிலாவின் தாலாட்டைப் பாருங்கள். அதில் நாற்காலியில் கிடக்கிற கோட்டு தூங்குகிறது, கோட்டிலுள்ள கிழிசலும் கண்ணயர்கிறது, இன்றைக்கு அது மேற்கொண்டு கிழியாதாம். இது தெரிந்தபின் கேட்டால் மெட்டு ஏன் அவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.