ஜாஸ் கலைஞரைக் கல்யாணம் செய்துகொண்டால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேட்டவர் ஒரு ஜாஸ் பியானோக் கலைஞரை மணக்கப் போகிறவர். "மேடையில் பார்த்துத்தான் பிடித்துப்போனது, வீட்டில் எப்படி இருப்பாரோ தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். என் கணவர் டெனர் சாக்ஸஃபோன் வாசிப்பவர். கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது. நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

மேடையில் நீங்கள் பார்த்தவர் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் இருப்பார். சாதகம் செய்கிறவரோடுதான் குடித்தனம். என் கணவர் காலையில் ஒரே ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை நீட்டி நீட்டி வாசிப்பார். அரை மணி நேரம் அது மட்டும்தான். அப்புறம் ஒரு சின்னப் பிடியை எடுத்துக்கொண்டு 12 ஸ்கேலிலும் வாசிப்பார். எங்காவது விரல் இடறும். இடறிய இடத்திலிருந்து மறுபடியும். மேடையில் மனோதர்மமாகப் பொங்கி வருவதாக நாம் நினைப்பதற்கு அடியில் இத்தனை காலைகள் கிடக்கின்றன. அக்கம்பக்கம் தூங்கிவிட்டால் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் உடுப்புகளுக்கு நடுவே சாக்ஸஃபோனின் வாயைச் செருகிக்கொண்டு வாசிப்பார். துணி சத்தத்தை வாங்கிக்கொள்ளும்.

ரீட் என்று ஒன்று இருக்கிறது. சாக்ஸஃபோனின் ஊதுவாயில் பொருத்துகிற மெல்லிய நாணல் தகடு. பத்து ரீட் உள்ள பெட்டி வாங்கினால் மேடைக்குத் தேறுவது இரண்டோ மூன்றோதான். நல்ல ரீட் கச்சேரி நாளில் போய்விட்டால் அன்று வீட்டில் பேச்சே இருக்காது. அதை என் மேல் கோபம் என்று நினைத்து இரண்டு வருடம் அழுதிருக்கிறேன். உங்களவர் பியானோக்காரர், ரீட் கிடையாது. ஆனால் போகிற இடத்தில் இருக்கிற பியானோவைத்தான் அவர் வாசித்தாக வேண்டும். சுருதி சேராத பியானோவோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வருகிற இரவு அதே மாதிரிதான் இருக்கும். உங்களுக்கும் அந்த மௌனத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர் ஓய்வெடுக்கிற நேரம்தான் இவர்களுக்கு வேலை நேரம். விசேஷங்களுக்குத் தனியாகப் போய்ப் பழகிக்கொள்ள வேண்டும். புத்தாண்டு இரவு ஒன்றுகூட எங்களுக்கென்று கிடைத்ததில்லை. இரண்டு செட் வாசித்துவிட்டு ஒரு மணிக்கு வருகிறவருக்கு மூன்று மணி வரை தூக்கம் பிடிக்காது. டிரம்ஸ்காரர் எந்த இடத்தில் என்ன செய்தார் என்று சொல்லியே ஆக வேண்டும். எனக்கோ ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டும். நிறையச் சண்டைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். எதுவானாலும் மறுநாள் சாயங்காலம் சொல்லலாம். உண்மையிலேயே அபூர்வமான இரவாக இருந்தால் மட்டும் என்னை எழுப்பலாம். இதுவரை ஏழு முறை எழுப்பியிருக்கிறார். அந்த ஏழு இரவும் எனக்கு நினைவிருக்கின்றன.

பணம் ஒரு சீராக வராது. சில இடங்களில் பேசிய தொகை, சில இடங்களில் நுழைவுக் கட்டணத்தில் விழுந்ததை நாலு பேர் பிரித்துக்கொள்வது. ஒருமுறை மூன்று நாள் கச்சேரியை அன்று மதியம் ரத்து செய்தார்கள். அந்தப் பணத்தை வாடகைக்கு என்று எண்ணி வைத்திருந்தோம். அதிலிருந்து, கைக்கு வராத பணத்தைக் கணக்கில் எழுதுவதில்லை. மாதாமாதம் நிச்சயமாக வருவது அவர் பாடம் சொல்லிக்கொடுக்கிற பணமும் என் சம்பளமும்தான்.

ஜாஸ் வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும். புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை, அவர் இளவயதில் வாசித்த கிங் ஆலிவர் குழுவை விட்டு வெளியே வா என்று தூண்டியவர், 1924-ல் அவரை மணந்த லில் ஹார்டின். லில்லும் அந்தக் குழுவின் பியானோக் கலைஞர்தான். பின்னாளில் ஆம்ஸ்ட்ராங்கை மணந்த லூசில், கணவர் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது 1943-ல் நியூயார்க் குவீன்ஸில் ஒரு வீட்டை வாங்கினார். டாக்சியில் வந்து இறங்கிய ஆம்ஸ்ட்ராங்குக்கு அது தன் வீடு என்றே நம்ப முடியவில்லை. 1971-ல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். இன்று அது அருங்காட்சியகம்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் நெல்லி மங்க், ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்கின் மனைவி. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் வாசிக்க ஒரு அனுமதி அட்டை வேண்டும். 1951-ல் தெலோனியஸ் மங்க் அதை இழந்தார். திரும்பக் கிடைத்தது 1957-ல். பியானோக் கலைஞனுக்கு நகரத்தின் கிளப்புகளே மூடிக்கிடந்த அந்த வருடங்களில் தையல் வேலையும் கிடைத்த வேலையும் செய்து வீட்டைக் காப்பாற்றியவர் நெல்லி. 1957-ல் அவர் தைராய்டு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது மங்க் ஒரு உருப்படி இயற்றினார், 'கிரெபஸ்கியூல் வித் நெல்லி', நெல்லியோடு ஓர் அந்திப்பொழுது. மங்க் தன் எந்தப் பாட்டையும் மேடையில் புரட்டிப்போட்டு விரிப்பவர். இதை மட்டும் எழுதியபடியே வாசிப்பார், நடுவில் யாருக்கும் தனி ஆவர்த்தனம் கிடையாது.

இந்தப் பெண்களைத் 'தியாகிகள்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவர்கள் செய்தது வேலை. பேஸ் வாசித்து, ஜாஸ் இயற்றிய சார்லஸ் மிங்கஸ் 1979-ல் இறந்த பிறகு அவர் மனைவி சூ குழுக்கள் அமைத்து அந்த இசையைப் பல பத்தாண்டுகள் மேடையில் வைத்திருந்தாரே, அதற்குப் பெயர் வேலை இல்லாமல் வேறென்ன? நீங்களும் நிறைய செய்யப் போகிறீர்கள். தேதி குறிப்பது, பணம் கேட்டு நினைவூட்டுவது, அவர் இல்லாத வாரங்களில் வீட்டைத் தனியாக நடத்துவது. எதை நீங்கள் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள். கச்சேரி முடிந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்து நிற்க, 'இவங்க அவரோட மனைவி' என்ற ஒரு வரி அறிமுகத்தோடு நீங்கள் ஓரமாக நிற்க வேண்டிவரும். திரும்பிப் போக உங்களுக்கென்று ஒரு உலகம் இருந்தால் அது வலிக்காது.

ஜாஸ் தெரிந்திருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் இசை படித்தவள் இல்லை. கூடவே இருந்ததில் காது தானாகப் பழகிவிட்டது. போன வருடம் எனக்கு ஒரு அறுவை சிகிச்சை. நாலு நாள் சாக்ஸஃபோனைத் தொடாமல் என் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்து தூங்கிவிட்டார். சற்று நேரத்தில் அவர் விரல்கள் என் உள்ளங்கையில் அசைய ஆரம்பித்தன, சாக்ஸஃபோனின் விசைகளை அழுத்துவது போல. கண்ணை மூடிக் கவனித்தேன். அந்த மாதம் முழுக்க அலமாரிக்குள் கேட்ட அதே பிடி. ஒரு இடத்தில் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.