ஸ்டேஷனுக்குச் சாட்சியைக் கூப்பிட்டால்: காரைக்குடி வக்கீலின் பதில்கள்

தேவகோட்டை ஆச்சி, 67: பக்கத்து வீட்டுத் தேக்குத் தூணை ராத்திரி வேனில் ஏற்றியதைப் பார்த்தேன். விசாரணை என்று மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆச்சி, நீங்கள் போயிருக்கவே வேண்டாம். பெண்கள் எந்த வயதானாலும், ஆண்களில் 15க்குக் கீழும் 60க்கு மேலும் உள்ளவர்கள், உடல் முடியாதவர்கள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 179 இது. உங்கள் முகப்புத் திண்ணை போதும். தடை தெரிந்தே வரவழைத்த அதிகாரிக்கு தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். பிரிவு 199ல் குறைந்தது 6 மாதம் கடுங்காவல். நாள், நேரம், கூப்பிட்டது யார் என்று எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீது பத்திரம். அசையவில்லையா, மாநில மனித உரிமை ஆணையம். அதற்கும் மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அப்புறம், எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா? போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது.

ஓய்வு பெற்ற ஏட்டு: பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜர் சாட்சி கையெழுத்தில்லாமல் உண்டா வக்கீல் சார்?

ஏட்டையா, மகஜர் வேறு, வாக்குமூலம் வேறு. தூணைக் கைப்பற்றும்போது கூட நின்றவர் மகஜரைப் படித்துக் கையெழுத்திடுகிறார். வாக்குமூலத்துக்கு பி.என்.எஸ்.எஸ். பிரிவு 181 குறுக்கே நிற்கிறது. உங்கள் சர்வீஸில், பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில், அது 162.

ஏட்டு: கையெழுத்து இருந்தால் கோர்ட்டில் பல்டி அடிக்க மாட்டானே!

கோர்ட்டில் சாட்சி பயமில்லாமல் பேசட்டும் என்றுதான் தடையே. உறுதி வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் 183ல் பதியச் செய்யுங்கள். ஸ்டேஷன் மேஜையில் வேண்டாம்.

காரைக்குடி, ஆண், 41: என்னையும் வீட்டில்தானே விசாரிக்கணும்?

இல்லை தம்பி, போகத்தான் வேண்டும். ஆனால் எழுத்தில் அழைப்பு கேளுங்கள். நீங்கள் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ அடுத்த ஸ்டேஷன் எல்லையிலோ இருந்தால்தான் கூப்பிட முடியும்.

திருப்பத்தூர்: சாட்சி சொன்னால் தொலைத்துவிடுவோம் என்கிறார்கள்.

மிரட்டலே தனிக் குற்றம், பி.என்.எஸ். 351, கொலை மிரட்டல் என்றால் 7 வருஷம் வரை. மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுப் போடுங்கள். 5 வேலை நாளில் போலீஸ் அறிக்கை வர வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதம் வரை.

புதுவயல்: பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூப்பிடலாமா?

ஆச்சிக்குச் சொன்னதேதான்.

கோட்டையூர்: என் மனைவியை...

மேலே படியுங்கள்.

கானாடுகாத்தான்: வளவில் எங்கள் பங்கு அறையைப் பங்காளி பூட்டிவிட்டார்.

சிவில் வக்கீலைப் பாருங்கள்.

பள்ளத்தூர்: சார், போலீஸ் கேட்டதும் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இவ்வளவு நேரம் யாரிடம் பேசினேன்? சரி, இன்றைக்கே எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் எழுதுங்கள்: வெற்றுத் தாள், இன்ன தேதி, இன்ன அதிகாரி. நகல் ஒன்று உங்களிடம்.