போனில் அழித்தால் மேகத்திலும் போய்விடுமா?

கேள்வி: போனில் இடம் இல்லை என்று பழைய படங்களை அழித்தேன். கூகுள் போட்டோஸில்தான் இருக்கிறதே என்ற தைரியம். இப்போது அங்கேயும் காணோம். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. திரும்பக் கிடைக்குமா சார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்

பதில்: அம்மா, மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் போட்டோஸ் செயலியில் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். மேகத்தில், அதாவது இணையம் வழியே கோப்புகளைச் சேமிக்கும் கிளவுடில் ஏறியிருந்த படங்கள், அழித்த பிறகும் 60 நாள் அங்கே கிடக்கும். கெடு தாண்டாமல் இருந்தால் ஒரே தட்டில் மீட்டுவிடலாம். தாண்டிவிட்டால் வழியில்லை. படங்களை வாட்ஸப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால், போனில் இருப்பதும் மேகத்தில் இருப்பதும் சேர்ந்தே போகும். இரண்டும் ஒத்திசைந்து ஓடுகின்றன. போனில் இடம் மட்டும்தான் வேண்டும் என்றால், அதே செயலியில் 'இடத்தைக் காலி செய்' என்று ஒரு வசதி உண்டு. மேலே ஏறி முடிந்த படங்களை மட்டும் அது போனிலிருந்து நீக்கும். இந்த ஒரு குழப்பத்தால் பிள்ளைகளின் படங்களைத் தொலைத்துவிட்டு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது.

கேள்வி: கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். நான்கு டிபி ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாமா?
– மேலூர்

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் 40 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். அது மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அப்படியானால் 4 டிபி, அதாவது 4,000 ஜிபி ஏற, இடைவிடாமல் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஒரு கல்யாணம் 200 ஜிபி என்றால் 11 மணி நேரம். வாடிக்கையாளர் திடீரென்று கேட்டால் இறக்கவும் நேரம் வேண்டும். அதோடு மாதா மாதம் கட்டணம். கட்டுவதை நிறுத்தினால் கோப்புகளை வைத்திருக்க அவர்களுக்குக் கடமை இல்லை.

என் யோசனை: ரா கோப்புகளும் (கேமரா தரும் திருத்தாத மூலப் படங்கள்) முழு வீடியோவும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்று ஸ்டூடியோவில், இன்னொன்று வீட்டில். தேர்ந்தெடுத்துத் திருத்திய படங்களும் ஆல்பம் டிசைனும் மட்டும் மேகத்துக்குப் போகட்டும். வேலை முடிந்த அன்றே ராத்திரி ஏற்றிவிடுங்கள். சேர்த்து வைத்தால் நடக்காது.

கேள்வி: ஜிமெயிலுக்குப் புது மெயில் வருவதே இல்லை. 15 ஜிபி நிறைந்துவிட்டதாம். நான் அவ்வளவு மெயில் வைத்திருக்கவில்லையே?
– அனுப்பானடி

பதில்: அந்த 15 ஜிபி ஜிமெயில், கோப்புகளை வைக்கும் கூகுள் டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றிய படங்களும், ஆண்ட்ராய்டில் வாட்ஸப் பேக்கப்பும் அதில்தான் கணக்காகின்றன. வாட்ஸப்பில் வந்த காலை வணக்க வீடியோக்களைக் கழித்துவிட்டு மறுபடி பேக்கப் எடுங்கள்.

கேள்வி: 2024 அக்டோபர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஹார்டு டிஸ்க் நனைந்து போச்சு. இனி கிளவுடையே முழுசாக நம்பலாமா?
– செல்லூர்

பதில்: வீட்டுக்கு வரும் ஆபத்து மேகத்தில் இருக்கும் கோப்பைத் தொடாது. வெள்ளம், திருட்டு, கீழே போட்டு உடைப்பது எல்லாவற்றுக்கும் அது நல்ல காப்பு. அதனால் கட்டாயம் வையுங்கள். ஆனால் 'முழுசாக' என்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

மேகம் என்றாலும் கோப்பு இருப்பது தரையில், ஏதோ ஒரு கட்டடத்தில்தான். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. தனியாக பேக்கப் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தரவை இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டிபி அழிந்தது. வெளியே வேறு பிரதி இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே அந்தக் கதி. பெரிய நிறுவனங்கள் பொதுவாகப் பல இடங்களில் பிரதி வைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கணக்கே பூட்டிக்கொண்டால் அந்தப் பிரதிகளால் உங்களுக்கு என்ன பயன்?

எனவே மூன்று பிரதி: கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மேகத்தில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கை இந்த முறை மேல்தட்டில் வையுங்கள்.

கேள்வி: நிலப்பத்திரம், பட்டா, ஆதார் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து டிரைவில் போட்டிருக்கிறேன். ஆபத்து உண்டா?
– உசிலம்பட்டி

பதில்: போட்டது நல்லதுதான், பூட்டாமல் போட்டதுதான் தவறு. பிடிஎஃப் ஆக்கி பாஸ்வேர்டு போட்டு ஏற்றுங்கள். கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள்; பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றும் கேட்கும். ஓடிபி வரும் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறு ஒருவருக்குப் போகலாம். ஓடிபி வராத நேரத்தில் உள்ளே நுழைய கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை மத்திய அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளுங்கள். துறையே அங்கே வழங்கும் ஆவணத்துக்கு அசலுக்கு நிகரான சட்ட மதிப்பு உண்டு. நீங்களாகப் படம் எடுத்து ஏற்றியதற்கு அது கிடையாது. பட்டாவைத் தமிழக அரசின் இணையச் சேவையில் எப்போதும் எடுக்கலாம். பத்திரத்தின் படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் அசல் தொலைந்தால், அதில் தெரியும் ஆவண எண்ணும் ஆண்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்க உதவும். அந்த இரண்டும் தெளிவாகத் தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில் முதல் பக்கத்தை இன்னொரு முறை எடுத்து வையுங்கள்.